பன்றிக்குப் போட்ட பாத்தி

தேயிலைக் கொழுந்து லொறியை இன்று காலை எங்கள் வாசலுக்கு நேரே பின்னுக்கு எடுத்தார்கள். தோட்டத்துக்கு வந்திருக்கும் புது லொறி. பின்னுக்குப் போகும்போது விட்டு விட்டுக் கூவுகிறது. அடுப்படி வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் சட்டென்று திரும்பி முன்னறை மூலையைப் பார்த்தேன். உங்கள் விளையாட்டில் கொள்ளைக்காரர்கள் கிளம்பிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் இப்படித்தான் கூவும். அடுத்த நொடி, "வந்துட்டானுங்க ஜெயா!" என்று நீங்கள் போடும் சத்தமும் வரும்.

கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி அதன் பாட்டில் இருந்தது. நான் திரும்பிப் பார்த்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பாயில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அக்காவும் கையை நிறுத்திவிட்டு அதே மூலையைத்தான் பார்த்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரே ஒரு சத்தமாவது எனக்கென்று மிஞ்சியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அதிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது.

இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடமே சொல்கிறேன். இருந்த காலத்தில் நான் பொறாமைப்படும்போதெல்லாம் சிரித்தே தப்பித்துக்கொண்டீர்கள். இப்போது தப்பிக்க வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பொறாமை அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. தோட்டத்து ஒபிசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, கிளாக்கர் என்ற முறையில் முன்னாலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் காரணம் சொல்லி, பதுளைக்கு அழைத்துப்போனீர்கள். கடைக்கார நானா பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்துவைத்தார்.

"சேர், டைப் பண்ண மட்டுமா எடுக்கிறீங்க? ஒரு கேமும் போட்டுத் தாரேன். வானத்துல சண்ட. புள்ளைகள் விட்டுட்டு எழும்பாதுகள்" என்றார்.

நமக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் என்னைப் பார்க்காமல், "போடுங்க நானா" என்றீர்கள்.

பஸ்ஸில் ஒரு சீட்தான் கிடைத்தது. "நீ கொஞ்சம் நில்லு ஜெயா, ஆடிச்சுன்னா கண்ணாடி போயிரும்" என்று மொனிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். மற்றப் பெட்டியைக் காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பண்டாரவளை வரைக்கும் நான் நின்றேன். தெமோதரை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அந்த மொனிட்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டீர்கள். கல்யாணம் முடிந்து அதே பாதையில் வந்தபோது என்னை அப்படிப் பிடித்ததாக ஞாபகம் இல்லை. இறங்கும்போது உங்களிடம் சொன்னேன். வழக்கம்போல் சிரித்தீர்கள்.

விளையாட்டு என்னவென்று எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. கறுப்புத் திரை முழுக்க நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றிக் கோள்கள். ஒரு கோளில் ஆரம்பித்து, சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, ஒவ்வொரு கோளாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கோள்களை நீங்கள் டிவிஷன் என்றுதான் சொல்வீர்கள், நம் தோட்டத்து மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் மாதிரி. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது, விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற துரை மாதிரி கையைத் தட்டி, "ம், பெரட்டு!" என்பீர்கள். வானத்தில் இருந்த மற்ற ராஜ்ஜியங்களோடு பேசலாம், சமாதானம் செய்துகொள்ளலாம். கொள்ளைக்காரர்கள் மட்டும் எந்தப் பேச்சுக்கும் வரமாட்டார்கள். அவர்களுக்கு நாடும் இல்லை, ராஜாவும் இல்லை. கம்ப்யூட்டரே அவர்களை ஓட்டிக்கொண்டிருந்தது. திரையின் இடது ஓரத்தில் புகை மாதிரி ஓர் இடம் உண்டு. அங்கிருந்து சிவப்புப் புள்ளிகளாகக் கிளம்பி வந்து, ஏதாவது ஒரு டிவிஷனைத் துடைத்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

நீங்கள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. எல்லா டிவிஷனுக்கும் பீரங்கிகளைப் பகிர்ந்து வைத்தீர்கள். எதில் ஒன்று குறைந்திருக்கிறதோ அதைத் தேடி வந்தார்கள். கப்பம் கட்டினீர்கள். வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். படை திரட்டிப் போய் அவர்கள் கூட்டையே அடித்தீர்கள். உங்கள் கப்பல்கள் ஊர் திரும்புவதற்குள் வேறு மூலையில் முளைத்துவிட்டார்கள். நான் சோற்றைப் போட்டுவிட்டு, "ஆறுதுங்க" என்பேன். "இரு இரு, இப்ப வந்துருவானுங்க" என்பீர்கள். எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி வந்திருந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இந்தச் சிவப்புப் புள்ளிகளின் எந்த முடியைப் பிடிப்பது?

இதெல்லாம் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையானால் மேல் லயத்து வரிசை வீட்டிலிருந்து உங்கள் அக்கா வருவார். கையில் ஒரு கட்டுக் கீரையோ, நாலு மரக்கறியோ இருக்கும். உங்கள் அம்மா போன பிறகு உங்களை வளர்த்தவர். மழையிலும் வெயிலிலும் மலையில் நின்று கொழுந்தெடுத்து உங்களைப் படிக்க வைத்தவர். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளாமலே காலத்தை ஓட்டியவர். இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட வெட்கமாக இருக்க வேண்டாமா என்று நீங்கள் ஒரு தடவை கேட்டீர்கள். எனக்கு வெட்கமாக இல்லை. குற்றம் சொல்ல ஓர் இடம்கூட வைக்காத ஒருவரோடு ஒரு வீட்டுக்குள் போட்டி போடுவது என்ன பாடு என்று உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டத்துச் சனங்கள் கூப்பிடுகிற மாதிரியே "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். இன்றைக்கும் அப்படித்தான்.

அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தபடி திரையைப் பார்ப்பார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்:

"அது என்னடா தம்பி, செவப்பா ஊர்ந்துகிட்டுப் போகுது?"

"கொள்ளக்காரனுங்க அக்கா."

"எங்க போறானுங்க?"

"எங்க காவல் கொறைவோ அங்க. நானும் எல்லாப் பக்கமும் வேலி போட்டுப் பாத்துட்டேன். எங்கயாச்சும் ஒரு ஓட்டையக் கண்டுபுடிச்சிடுறானுங்க."

அவர் திரையைப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். திடீரென்று இரண்டு பேரும் ஒரே வாயாக, "பன்னிப் பாத்தி!" என்று கத்தினீர்கள். பிறகு ஒரு சிரிப்பு. உங்களுக்குப் புரையேறிவிட்டது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். டீ சிந்தியது. நான் கரண்டியோடு ஓடிவந்து நின்றேன்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல ஜெயா, பழைய கத" என்றீர்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் சிரிப்பு.

நான் திரும்பிப் போய்க் குழம்பைக் கிளறினேன். அது அடிப்பிடித்துவிட்டது. நீங்கள் இருவரும் சாப்பிடும்போது அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கதையை நான் துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் சேர்த்தேன். உங்கள் லயத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் இருந்தது. அதைச் சுற்றி வேலி. வேலிக்கு வெளியே, காட்டுப் பக்கமாக, வத்தாளங்கிழங்குக் கொடி நட்ட பாத்தி ஒன்று. அதற்கு வேலியும் கிடையாது, காவலும் கிடையாது. காட்டுப்பன்றி வந்தால் அந்தப் பாத்தியைத் தோண்டித் தின்று, வயிறு நிறைந்து, வந்த வழியே போய்விடும். உள்ளே இருக்கிற முட்டைக்கோவாவும் லீக்ஸும் பிழைத்துக்கொள்ளும். லயத்தில் எல்லாருமே அப்படி ஒரு பாத்தி போடுவார்களாம். பதுளை டவுனில் தையல் கடைக்குப் பின்னால் வளர்ந்த எனக்குப் பன்றியையும் தெரியாது, பாத்தியையும் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு சொல் போதும்.

அன்றிலிருந்து உங்களுக்கு நல்ல காலம். ஓரத்தில் இருந்த ஒரு டிவிஷனின் பீரங்கிகளை எல்லாம் எடுத்துவிட்டீர்கள். கொள்ளைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் நேராக அங்கே வந்து, இருந்ததைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். மற்ற டிவிஷன்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் வளர்ந்தன. அரை வானம் உங்கள் கைக்கு வந்தது. ஒபிசில் யாரோ கேட்டதற்கு, "நான் பெரிய தோட்டத்துக்குத் துரை" என்றீர்களாம். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள், நீங்கள் ஒபிசுக்குப் போன பிறகு, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். டிவிஷன்களுக்குப் பெயர் வைக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் வைத்திருந்தீர்கள். பசறை, கொஸ்லந்த, பூனாகலை என்று நமக்குத் தெரிந்த ஊர்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், வளையம் வளையமாகப் பீரங்கிகள் சூழ, லெட்சுமி. உங்கள் அக்கா. என் பெயரைத் தேடினேன். வெகுநேரம் தேட வேண்டியிருந்தது. இடது ஓரத்தில், அந்தப் புகைக்குப் பக்கத்தில் ஜெயந்தி இருந்தாள். பக்கத்தில் ஒரு பீரங்கி கிடையாது.

நான் டவுன்காரிதான். ஆனால் அது எந்தப் பாத்தி என்று புரியாத அளவுக்கு மக்கு இல்லை.

சாயந்தரம் நீங்கள் வந்ததும் பிளேன்டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி மறந்துட்டியா?" என்றீர்கள்.

"உங்க அக்கா வீட்டுல போய்க் கேட்டு வாங்கிப் போட்டுக்குங்க."

"என்னாச்சு?"

"உங்க அக்காவுக்குச் சுத்திவரப் பீரங்கி. எனக்குப் பன்னியா?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அன்றைக்கு மட்டும் சிரித்திருக்கக் கூடாது. என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சமாதானம் சொல்ல வந்தீர்கள்.

"கேளு ஜெயா. பன்னிப் பாத்தின்னா கழிச்சுவிட்ட பாத்தி இல்ல. நல்ல மண்ணு, நல்ல கொடி அங்கதான் போடணும். சொத்தையப் போட்டா பன்னி மோந்து பாத்துட்டு, வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள வந்துரும். இந்த டிவிஷன் இருக்கே, எத்தன தரம் அடிச்சாலும் அடுத்த சுத்துலயே எந்திரிச்சு நிக்கும். மத்ததெல்லாம் ஒரு அடிக்கே படுத்துரும். அதான் உம் பேரு வச்சேன்."

"எந்திரிச்சிருவான்னு தெரிஞ்சா அடிக்க விட்டுருவீங்களா?"

கீழே வைத்த கோப்பையை மறுபடியும் கையில் எடுத்தீர்கள். நான் விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், ஆசிரியர் கலாசாலைக்கு எனக்கு இடம் கிடைத்த வருஷம் உங்கள் அக்கா மழையில் மலைச் சரிவில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. மாதக்கணக்கில் படுக்கை. அவரைத் தூக்கி உட்காரவைக்கவும், துடைத்துவிடவும், ஊட்டிவிடவும் ஓர் ஆள் வேண்டும். "நீ அடுத்த வருஷம் போகலாம்ல ஜெயா?" என்றீர்கள். போகலாம்தான். அடுத்த வருஷம் போனேன். என்னோடு இடம் கிடைத்தவர்கள் எனக்கு முன்னால் படிப்பை முடித்துவிட்டு டவுன் பள்ளிக்கூடங்களில் இடம் பிடித்துவிட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டேன். அவரைப் பார்த்துக்கொண்டதற்காக எனக்கு வருத்தம் இல்லை. என்னைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லையே, அதுதான் எனக்குள் கிடந்து அறுத்தது. எழுந்து நிற்கிறவளிடம் வலித்ததா என்று யாரும் கேட்பதில்லை.

நான் உங்களுக்குக் காப்பாற்றி வைக்க வேண்டியவளா, செலவழிக்க வேண்டியவளா? கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை அப்படியே கேட்க வாய் வரவில்லை. வேறு விதமாகக் கேட்டேன்.

"எனக்கு ஒரு பீரங்கி வைங்க."

"வச்சா எல்லாம் போயிரும் ஜெயா. உனக்கு இது புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். ஒண்ணு வைங்க."

"சும்மா சொல்லல. நெசமாவே எல்லாம் போயிரும்."

"உங்க அக்காவுக்கு வைக்கும்போது போகலியே?"

அதற்கப்புறம் சில நாள் நான் பேசவில்லை. சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், பேசவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் அக்கா வருவதற்கு முன்னால், "ஜெயா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டீர்கள். ஜெயந்தி என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பீரங்கி முளைத்திருந்தது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே போய், அம்மி பக்கம் திரும்பி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது உங்களுக்குத் தெரியாது.

பத்து மணிபோல் கம்ப்யூட்டர் கூவியது. நானும் வந்து பின்னால் நின்றேன். சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. ஜெயந்திக்கு வந்தன. ஒரு வட்டம் போட்டன. நிற்கவில்லை. நேராக உள்ளே புகுந்தன. முதலில் பசறை போனது, உங்கள் சுரங்கங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. இரும்பு இல்லாமல் கப்பல் கட்ட முடியவில்லை. கொஸ்லந்த போனது. நீங்கள் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு, அதுவரை சமாதானமாக இருந்த பக்கத்து ராஜ்ஜியமும் படையெடுத்து வந்தது. ஜெயந்தியையும் அவர்கள்தான் பிடித்தார்கள், அந்த ஒற்றைப் பீரங்கியோடு. மாதக்கணக்கில் கட்டியது ஒரு காலைப் பொழுதில் கரைந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

உங்கள் அக்கா வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது, திரையில் லெட்சுமி மட்டும் பீரங்கிகளோடு தனியாக நின்றுகொண்டிருந்தது.

"எங்கடா எல்லாம்?"

"பன்னி வேலியப் பிச்சுக்கிட்டு உள்ள வந்துருச்சு அக்கா."

"எப்பிடிடா?"

"வந்துருச்சு."

அவர் உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு வேல கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார். நான் ஊற்றி வைத்த பிளேன்டீ தொடாமலே ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து டீ குடிக்காமல் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. என் பெண்சாதி கேட்டாள், வைத்தேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்ல வெட்கப்பட்டீர்கள் என்றே நினைத்தேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ராஜ்ஜியத்தைத் தொலைத்தவன் என்று அக்கா நினைத்துவிடக் கூடாது என்ற பயம் என்று நினைத்தேன். அப்புறம் நீங்கள் புதிதாக விளையாட ஆரம்பித்தபோது டிவிஷன்களுக்கு யாருடைய பெயரும் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருஷம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வந்த சனம் எல்லாம் முதலில் உங்கள் அக்காவிடம்தான் போனது. "பெத்த புள்ளையாட்டம் வளத்தியே" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு, "டீச்சருக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். போட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் புருஷன் கிடக்கிற கூடத்தில் எனக்கு மட்டும் நாற்காலி. உங்கள் அக்கா ஒப்பாரி வைத்தார். உங்களுக்குப் பல் முளைத்தது, அட்டைக்குப் பயந்து அவர் தோளிலேயே தொங்கியது, முதல் சம்பளத்தில் அவருக்குக் குடை வாங்கிக் கொடுத்தது, எல்லாம் அந்தப் பாட்டில் வந்தது. எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். புருஷன் செத்த அன்றும் நாத்தனாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிளாக்கர் குவாட்டர்சை விட்டுவிட்டு இந்த ரோட்டோர வீட்டுக்கு நான் வந்தபோது, தான் இருந்த லயத்துக் காம்பராவைச் சித்தப்பா மகனுக்கு விட்டுவிட்டு உங்கள் அக்காவும் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். வாங்க என்றும் நான் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பாயை விரித்துக் கொடுத்தேன். இத்தனை மாதமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். உப்பு, தண்ணீர், மருந்து என்று பேசிக்கொள்வோம். உங்களைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் மற்றவள் எடுத்துக்கொண்டுவிடுவாள் என்று பயம்போல.

இன்று காலை லொறி போன பிறகு அவர்தான் முதலில் பேசினார்.

"கொள்ளக்காரனுங்க சத்தம் மாதிரியே இருக்குல்ல டீச்சர்?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு என்ன பயம் அண்ணி? உங்களுக்குத்தான் சுத்திவரப் பீரங்கி வச்சிருந்தாரே."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"சின்னப்புள்ளையில அவன் பண்ணுன கூத்த உங்ககிட்டச் சொல்லியிருக்கானா?"

"எந்தக் கூத்து?"

"அப்ப, சொல்லல" என்றார். பிறகு சொன்னார்.

"ஆத்தா இருந்தப்ப, பன்னிப் பாத்திக்குக் கொடி நடச் சொல்லி அவன்கிட்டக் குடுத்தா. நட்டான். தெனமும் போயி தண்ணி ஊத்துனான். அது தழைச்சுக்கிட்டு வருது. இவனுக்கு அதப் பன்னிக்குக் குடுக்க மனசு வரல. ஆத்தாவுக்குத் தெரியாம, கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலக் குச்சிய எல்லாம் இழுத்துட்டு வந்து, அந்தப் பாத்தியச் சுத்தி வேலி போட்டுட்டான். பன்னி வந்துச்சு. மோந்து பாத்துச்சு. நேராப் போயி பெரிய தோட்டத்துல பூந்துருச்சு. ஒரு கோவா மிஞ்சல டீச்சர். அந்த மாசம் பூரா வெறுஞ்சோறுதான். ஆத்தா அந்தக் குச்சியிலயே ஒண்ண உருவி விளாசுனா. 'இனிமே வேலி போடுவியா, போடுவியா'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சா. போடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பா. சொல்லவே இல்ல. அழுதுகிட்டே நின்னான்."

நான் தேங்காய்த் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு வந்தேன்ல," என்றார். "எல்லாம் போயிக் கெடந்துச்சு. பன்னி உள்ள வந்துருச்சுன்னான். அந்தப் பய திரும்பவும் பாத்திக்கு வேலி போட்டுட்டான்னு கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாருக்காகப் போட்டான்னும் தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சுத்திவரப் பீரங்கி வச்சான், சரி. அதுல அவனுக்கு என்ன போச்சு? உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு வச்சான். எல்லாம் போகும்னு தெரிஞ்சு வச்சான். வயித்தெரிச்சலா இருந்துச்சு டீச்சர். அதான் டீயக் குடிக்காமப் போயிட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைக்கவில்லை. குறையே சொல்ல முடியாத அந்த மனுஷிக்கும் என்மேல் வயிற்றெரிச்சல் இருந்திருக்கிறது, அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன் என்ற சந்தோஷம். அப்புறம்தான் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். வைத்தால் எல்லாம் போய்விடும் என்று நீங்கள் சொன்னதை நான் சாக்கு என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு அது நிச்சயமாகத் தெரியும். முதுகில் வாங்கித் தெரிந்துகொண்டது. தெரிந்தும் என் பக்கத்தில் அந்தப் பீரங்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டீர்கள். நான் "ம்" என்று போய்விட்டேன். என் கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்திருக்கிறது. அது எனக்குப் புரியவில்லை, அவருக்குப் புரிந்திருக்கிறது. அதற்கும் இப்போது பொறாமையாக இருக்கிறது.

"வேற?" என்றேன்.

"என்ன வேற?"

"சின்னப்புள்ளையில அவரு வேற என்னெல்லாம் பண்ணுனாரு, சொல்லுங்க அண்ணி."

அவர் கத்தியை எடுத்து மறுபடியும் போஞ்சி நறுக்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லிட்டா, நாளைக்கு எங்கூட யாரு பேசுவா?" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

நாளைக்கும் கேட்பேன். இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் தருவார் என்று தெரிகிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அடி வாங்கிக்கொண்டு, இனி வேலி போடமாட்டேன் என்று சொல்லாமல் அழுதபடி நின்ற உங்களை நான் பார்த்ததில்லை. அவர் மட்டும்தான் பார்த்தார். இன்றைக்கு அந்த உங்களை என்னிடம் தந்துவிட்டார். இனி அது என்னுடையது. கேட்டாலும் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.